சாக்ஸ் சண்டையிலிருந்து தொடங்குங்கள்: குழந்தையின் மனநலத்துக்கு ஆக்குபேஷனல் தெரபி

குழந்தையின் கோபமும் அழுகையும் பெரும்பாலும் ஏதோ ஒரு வேலையோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. சாக்ஸ் போடும்போது, தலை வாரும்போது, வீட்டுப்பாட நோட்டைத் திறக்கும்போது, விளையாட்டை விட்டுவிட்டுக் குளிக்க வரச் சொல்லும்போது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை வளர்க்க உதவும் நிபுணரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தன் வேலையைத் தொடங்குவதும் அங்கேதான். ‘ஏன் இப்படிக் கோபப்படுகிறாய்?’ என்ற கேள்விக்கு முன்னால், அந்த வேலையில் குழந்தையின் உடம்புக்கு எது ஒத்துவரவில்லை என்று அவர் பார்க்கிறார். வேலை, அதைச் செய்யும் இடம், குழந்தையின் திறன் இவை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பல சண்டைகள் எழவே எழாது. எழுகிறவற்றுக்குத்தான் உணர்ச்சியைக் கையாளும் பயிற்சி.

பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. சுவரில் சிரிக்கும் முகம், அழும் முகம் எல்லாம் ஒட்டியாகிவிடும். குழந்தையும் படத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்லும். காலைச் சண்டை மட்டும் அப்படியே இருக்கும்.

இங்கே சொல்பவை ஏறத்தாழ 3 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானவை. இவற்றில் பலவற்றை வீட்டிலேயே தொடங்கலாம். தெரபிஸ்டிடம் போகிறவர்களுக்கு, அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ளவும் சரியான கேள்வி கேட்கவும் இவை உதவும்.

முதல் இரண்டு வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். மணி என்ன, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, குழந்தையின் உடம்பில் முதலில் தெரிந்தது என்ன, அடங்க எவ்வளவு நேரம் ஆனது, எது அடக்கியது. ஓரத்தில் முந்தைய இரவுத் தூக்கத்தையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் மலம் கழித்ததையும் குறித்துவையுங்கள். மலச்சிக்கல் இருக்கும் குழந்தை நாள் முழுக்கச் சிடுசிடுவென்று இருப்பது சர்வசாதாரணம். ஆனால் யாரும் அதை முதலில் சந்தேகிப்பதில்லை. தூக்கத்துக்கு ஒரு அளவுகோலும் உண்டு: 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். இதில் தினமும் ஒரு மணி நேரம் குறைகிறதென்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டியது அதுதான்.

எழுதும்போது ‘அடம் பிடித்தான்’, ‘வேண்டுமென்றே செய்தாள்’ என்று எழுதாதீர்கள். அது தீர்ப்பு. கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் எழுதுங்கள்: ‘காதைப் பொத்தினான். சட்டைக் காலரைக் கடித்தான். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான்.’ வெடிப்புக்கு முந்தைய இந்தச் சின்ன அறிகுறிகள்தான் உங்களுக்குத் தேவை. ஒவ்வொரு குழந்தைக்கும் இவை வேறு. ஒன்றுக்குக் காது சிவக்கும், இன்னொன்று திடீரென்று அசட்டுத்தனமாகச் சிரிக்கும், மற்றொன்று பேச்சையே நிறுத்திவிடும். இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், குறிப்புகளில் பெரும்பகுதி இரண்டு மூன்று வேலைகளைச் சுற்றியே இருப்பது தெரியும். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

ஐம்புலனுக்கு அப்பால்

பார்வை, கேட்டல், தொடுதல், சுவை, மணம் என்ற ஐந்தோடு இன்னும் மூன்று புலன்களை ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தசையும் மூட்டும் அனுப்பும் நிலை உணர்வு ஒன்று. கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரிவது இதனால்தான். உட்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வு இரண்டாவது. பசி, சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது போன்ற உள்ளுடல் உணர்வு மூன்றாவது. புலன்களிலிருந்து வரும் செய்தியை மூளை ஒருங்கிணைக்கும் விதத்துக்கும் குழந்தையின் கற்றலுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைக் கோட்பாடாக வளர்த்தெடுத்தவர் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ். 1970-களில் அவர் எழுதியவற்றின் மேல்தான் இன்றைய புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சை நிற்கிறது.

பிறகு இன்னொரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டான வின்னி டன், புலன் செய்திக்குக் குழந்தை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து 1997-இல் முன்வைத்த நான்கு வகைப் பிரிவு வீட்டுக்கு ரொம்பப் பயன்படும். செய்தி வந்ததையே கவனிக்காத குழந்தை: நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே திரும்பும். தேடிப்போகும் குழந்தை: எதையாவது தொடும், மோதும், ஓடிக்கொண்டே இருக்கும். எளிதில் உறுத்தும் குழந்தை: மிக்சி சத்தத்துக்கு அழும், ஆனால் அங்கேயே நிற்கும். தவிர்க்கும் குழந்தை: அந்த இடத்தைவிட்டு ஓடிவிடும், இல்லை கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். ‘நான் சொல்கிற மாதிரிதான் விளையாடணும்’ என்று மற்ற பிள்ளைகளை அதட்டுகிற குழந்தை பல சமயம் இந்த நான்காவது வகைதான்.

ஒரே குழந்தை எல்லாப் புலனிலும் ஒரே வகையாக இருக்காது. அசைவைத் தேடும் பிள்ளை சத்தத்தைத் தவிர்க்கலாம். ‘என் பிள்ளை ஓடியாடும் பிள்ளை, அதனால் கூட்டமும் பாட்டும் பிடிக்கும்’ என்று கணக்குப் போட்டுப் பிறந்தநாள் விருந்துக்குக் கூட்டிப்போனால், பாதியில் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

தசைக்கு வேலை

தள்ளுவது, இழுப்பது, சுமப்பது, பிசைவது, ஏறுவது இவற்றுக்குத் தெரபிஸ்டுகள் ‘ஹெவி வொர்க்’ என்பார்கள். பரபரப்பாக இருக்கும் பல குழந்தைகளை இது நிதானப்படுத்துகிறது, மந்தமாக இருக்கும் குழந்தையை விழிக்கவும் வைக்கிறது. அதனால் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாதவர்களுக்கு ஆபத்துக் குறைந்த தொடக்கம் இதுதான்.

சுவரைத் தள்ளுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் பதித்து, முழங்கையை மடக்கி, பத்து எண்ணும்வரை தள்ள வேண்டும். இடையில் இரண்டு மூச்சு விட்டு மூன்று முறை. குழந்தை கையை நேராகப் பூட்டிக்கொண்டு வெறுமனே சாய்ந்து நின்றால் தசைக்கு வேலையே இல்லை. அதனால்தான் ‘செய்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முழங்கை மடங்கியிருக்கிறதா, குதிகால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துணிக்கூடையைத் தரையில் தள்ளிக்கொண்டு போவது, தண்ணீர்ப் பாத்திரம் தூக்கிச் செடிக்கு ஊற்றுவது, மாவு பிசைவது, ஈரத் துணி பிழிவது எல்லாம் இதே வகை. தூக்கிச் சுமக்கும் எடை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

சிக்கல் வரும் நேரத்துக்கு முன்னால் ஐந்து முதல் பத்து நிமிடம் செய்யுங்கள், சிக்கல் வந்த பிறகு அல்ல. அழுது புரளும் குழந்தையிடம் ‘போய்ச் சுவரைத் தள்ளு’ என்றால் அது தண்டனையாகத்தான் போய்ச் சேரும். வரிசையும் முக்கியம்: ஓட்டமும் குதியும் முதலில், சுமப்பதும் தள்ளுவதும் அடுத்து, கடைசியில் மெதுவான, அழுத்தமான ஏதாவது. குதிப்பதில் முடித்துவிட்டு உடனே வீட்டுப்பாடத்துக்கு உட்காரச் சொன்னால், முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். இன்னொன்று: இதைப் பரிசாகவும் ஆக்காதீர்கள், ‘சேட்டை பண்ணினாய், இன்றைக்கு ஊஞ்சல் கிடையாது’ என்று பறிக்கவும் செய்யாதீர்கள். அசைவு அதிகம் தேவைப்படுகிற நாளில்தான் குழந்தை அதிகம் சேட்டை செய்யும்.

ஊஞ்சலில் கவனம் வேண்டும். முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் மெதுவாக ஆடினால் பெரும்பாலான குழந்தைகள் அமைதியாவார்கள். சுழற்றினால் உட்காதின் அரைவட்டக் கால்வாய்கள் தூண்டப்பட்டு, பரபரப்பு ஏறும். முகம் வெளிறினாலோ, வியர்த்தாலோ, அடக்க முடியாமல் சிரித்தாலோ, குமட்டினாலோ உடனே நிறுத்துங்கள். விளைவு சில சமயம் இறங்கி வெகுநேரம் கழித்தும் தெரியும். வலிப்பு வரலாறு உள்ள குழந்தையென்றால் மருத்துவரைக் கேட்காமல் சுழற்றவே வேண்டாம்.

தொடுவதில், இலேசாக வருடுவது பல குழந்தைகளுக்குக் கூசும், எரிச்சலூட்டும். உள்ளங்கை முழுவதையும் பதித்து அழுத்துவது அமைதி தரும். ஆனால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். ‘தோளை அழுத்தட்டுமா?’ என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று பதில் வந்தால் அதோடு முடிந்தது. எடை கூட்டிய போர்வைகளுக்கு விளம்பரத்தில் இருக்கும் வலிமை ஆராய்ச்சியில் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஒரு ஒப்பீட்டுச் சோதனையில், அந்தப் போர்வை தூக்க நேரத்தைக் கூட்டவில்லை. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். தானாக விலக்கத் தெரியாத குழந்தைக்கு அதைப் போர்த்தவே கூடாது. மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. கைக்குழந்தைக்கு எந்த நிலையிலும் கூடாது.

வேலையையே வெட்டித் தைப்பது

இனி அந்தச் சாக்ஸுக்கு வருவோம். விரல் நுனிக்குக் குறுக்கே ஓடும் தையல் உறுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் வெளியே போய்விடும். பல வீடுகளில் சண்டை அங்கேயே முடிகிறது. கால் ஈரமாக இருந்தால் துணி ஒட்டி இழுக்கும், எனவே நன்றாகத் துடைத்துவிட்டு, அனுமதி கேட்டு, பாதத்தை மேலும் கீழுமாக இரண்டு கையால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு போடச் சொன்னால், உடம்பின் முழுக் கவனமும் விழாமல் இருப்பதிலேயே போய்விடும். கையில் வேலை ஓடாது, கோபம் வரும். சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்காரவையுங்கள்.

பிறகு கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். குதிகாலைத் தாண்டும்வரை நீங்கள் போட்டுவிடுங்கள், கணுக்காலிலிருந்து மேலே இழுப்பது மட்டும் குழந்தையின் வேலை. மூன்று நாள் தொடர்ந்து உதவியில்லாமல் செய்துவிட்டால், அடுத்து குதிகாலுக்கு மேல் இழுப்பதையும் விட்டுக்கொடுங்கள். அதற்கடுத்து விரல் நுனியிலிருந்து. இந்த முறையில் வேலையை முடிப்பது எப்போதும் குழந்தையின் கைதான். முதல் படியை அது செய்து, மிச்சத்தை நீங்கள் முடித்துக் கொடுத்தால், தினமும் ‘என்னால் முடியவில்லை’ என்பதே அதற்கு மிஞ்சும்.

எழுத்து வேலையும் இப்படித்தான். நாற்காலியில் கால் தொங்கினால் இடுப்பு வழுக்கும், முதுகு வளையும், விரலில் பிடிப்பு இறுகும், ஐந்தாவது நிமிடம் பென்சில் பறக்கும். பாதம் முழுவதும் பதிய ஒரு பலகையோ கட்டிய புத்தகக் கட்டோ வையுங்கள். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கட்டும். மேசை முழங்கை உயரத்தில், அல்லது அதற்கு இரண்டு மூன்று செண்டிமீட்டர் மேலே. பென்சிலை அழுத்திப் பிடிக்கும் குழந்தைக்கு நான்கு செண்டிமீட்டர் அளவுக்கு உடைத்த கிரயானைக் கொடுத்தால், முஷ்டியால் பிடிக்க இடமில்லாமல் விரல் நுனிகள் தானாகச் சேரும்.

இதைச் செய்தும் பந்து பிடிப்பது, பொத்தான் போடுவது, எழுதுவது எல்லாமே வயதுக்கு மிகப் பின்தங்கியிருந்தால், வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு, அதாவது உடம்பின் அசைவுகளை ஒருங்கிணைக்கச் சிரமப்படும் நிலை இருக்கலாம். பள்ளிப் பருவக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு இது உண்டு. இவர்களில் பதற்றமும் தாழ்வு மனப்பான்மையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாத குழந்தை ‘எனக்கு விளையாட்டே பிடிக்காது’ என்று சொல்லத் தொடங்கும். அந்த வாக்கியத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் இவர்களிடம் நன்றாக ஓடுவது நான்கு படி: என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்யப் போகிறாய், செய், திட்டம் வேலை செய்ததா பார். திட்டத்தைக் குழந்தைதான் சொல்ல வேண்டும், தவறான திட்டமாக இருந்தாலும் சரி. நீங்கள் சொல்லிக் கொடுத்துவிட்டால் வேலை முடியும், ஆனால் அடுத்த வேலைக்கும் உங்களையே தேடும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதற்கு முன்

‘கோபமா இருக்கியா?’ என்று கேட்டால் ‘தெரியாது’ என்கிற குழந்தை பல நேரம் உண்மையைத்தான் சொல்கிறது. நெஞ்சு வேகமாக அடிப்பதும் வயிறு இறுகுவதும் அதற்குத் தனித்துத் தெரியவில்லை. அதனால் உடம்பிலிருந்து தொடங்குங்கள், வாரத்துக்கு ஒரு உறுப்பு. முதல் வாரம் கை: குளிர்ந்த தண்ணீரில் பத்து நொடி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நொடி, பிறகு உள்ளங்கையைத் தேய்த்து. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: ‘இப்போ கை எப்படி இருக்கு?’ ‘சில்லுனு’, ‘குறுகுறுன்னு’, ‘ஒட்டுற மாதிரி’ எதுவும் சரியான பதில்தான். அடுத்த வாரம் நெஞ்சு: முப்பது முறை குதித்துவிட்டுக் கையை வைத்துப் பார்க்கட்டும். பிறகு வயிறு. எளிதாக உணர முடிகிற கையிலும் காலிலும் தொடங்கிவிட்டு, கடைசியில் வயிற்றுக்கு வருவதுதான் நல்ல வரிசை.

இதற்கப்புறம் நிறங்கள் பயன்படும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் லியா கைப்பர்ஸ் 2011-இல் வெளியிட்ட நான்கு நிற முறை பல பள்ளிகளில் புழங்குகிறது: நீலம் சோர்வு, துக்கம், பச்சை நிதானம், மஞ்சள் பரபரப்பு, பதற்றம், குறும்பு, சிவப்பு கட்டுமீறிய நிலை. பெரியவர்கள் இதைக் கெடுக்கும் விதம் ஒன்றுதான்: பச்சையை நல்ல பிள்ளையின் நிறமாக ஆக்கிவிடுவது. ‘சீக்கிரம் பச்சைக்கு வா’ என்று கேட்டுக் கேட்டு, குழந்தை எப்போது கேட்டாலும் ‘பச்சை’ என்று பொய் சொல்லப் பழகும். மைதானத்தில் மஞ்சளில் இருப்பதில் தப்பே இல்லை. முதல் வாரம் குழந்தையைக் கேட்காதீர்கள், உங்கள் நிறத்தைச் சொல்லுங்கள்: ‘சாவி கிடைக்கல, எனக்கு மஞ்சள், தோள் இறுகுது. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுத் தேடுறேன்.’

மூச்சுப் பயிற்சியில் உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்க வேண்டும். ‘ஆழமா மூச்சு இழு’ என்று மட்டும் சொன்னால் குழந்தை தோளைத் தூக்கி வேகவேகமாக இழுக்கும், தலைதான் சுற்றும். ஸ்ட்ராவால் பஞ்சுருண்டையை மேசையின் மறுமுனைவரை ஊதச் சொல்லுங்கள். எண்ணிக்கை தேவைப்படாது.

அமைதி மூலை

நடமாட்டம் குறைந்த ஒரு இடம், மூன்று பக்கம் மறைப்பு, மங்கலான வெளிச்சம், சாய ஒரு திண்டு. உள்ளே நான்கைந்து பொருளுக்கு மேல் வேண்டாம்: கடிக்க, பிசைய, கட்டிப்பிடிக்க, பார்க்க ஒவ்வொன்று. நிறையப் பொம்மை போட்டால் அது விளையாட்டு அறை. திரை எதுவும் கூடாது, ஏனென்றால் பிடுங்கும்போது அடுத்த சண்டை வரும். நன்றாக இருக்கும் நேரத்தில் தினமும் இரண்டு நிமிடம், இரண்டு வாரம் பழக்குங்கள். நீங்களும் போய் உட்காருங்கள். கோபத்தில் ஒருமுறை ‘போ உன் மூலைக்கு!’ என்று விரட்டிவிட்டால், அந்த மூலை அதோடு செத்தது. வேறு இடம் பார்த்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

வெடித்துவிட்ட பிறகு கற்பிக்க எதுவும் இல்லை. சத்தத்தையும் வெளிச்சத்தையும் ஆட்களையும் குறையுங்கள். குழந்தையின் கண் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருங்கள். ‘நான் இங்கேதான் இருக்கேன்’ போல ஒரே வாக்கியம், தாழ்ந்த குரலில், நிமிடத்துக்கு ஒரு முறை. காரணம் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் இன்னொரு சத்தம்தான். மூச்சு சீராகி, தண்ணீர் குடித்து, தானாக வேறு எதையாவது பார்க்கத் தொடங்கும்வரை பொறுத்திருங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். பேச்சு அதற்குப் பிறகு, அதுவும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல்.

தெரபிஸ்டிடம் கேட்க வேண்டியவை

நல்ல தெரபிஸ்ட் முதல் சந்திப்புகளிலேயே அன்றாட வேலைகளைப் பற்றிக் கேட்பார், குறிக்கோளையும் அந்த மொழியிலேயே எழுதுவார். ‘புலன் ஒருங்கிணைப்பை மேம்படுத்துதல்’ குறிக்கோள் ஆகாது. ‘பள்ளி நாட்களில் ஐந்தில் நான்கு நாள், பத்து நிமிடத்துக்குள், அழாமல் உடை உடுத்துதல்’ என்பது குறிக்கோள். அளக்கும் வழியையும் கேளுங்கள். கனடாவில் உருவான ஒரு புகழ்பெற்ற அளவீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ‘எவ்வளவு நன்றாகச் செய்கிறது’, ‘அதில் எவ்வளவு திருப்தி’ என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். இரண்டு புள்ளி ஏறினால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம். தெரபிஸ்ட் இல்லாவிட்டாலும் இதை நீங்களே நோட்டில் போட்டு வரலாம்.

பெற்றோரை உள்ளே விடாத இடம், வீட்டுக்கு எதையும் சொல்லி அனுப்பாத இடம், எல்லாக் குழந்தைக்கும் ஒரே பந்தும் ஒரே ஊஞ்சலுமாக ஓடும் இடம் இவற்றைத் தவிருங்கள். ‘புலன் செயலாக்கக் குறைபாடு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதைத் தனி நோயறிதலாகப் பொதுவில் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-இல் கூறியது. ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு, பதற்றம், காது கேட்பதில் கோளாறு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

ஓ.டி. தனியாகப் போதாத நிலைகளும் உண்டு. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, கற்றிருந்த பேச்சோ கழிப்பறைப் பழக்கமோ திடீரென்று போய்விடுவது, சாப்பிட மறுத்து எடை இறங்குவது, யாரோ ஒருவரைக் கண்டாலோ ஓர் இடத்துக்குப் போனாலோ மட்டும் நடுங்குவது. இவற்றில் எது இருந்தாலும் பயிற்சிகளை ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவரையோ மனநல நிபுணரையோ பாருங்கள்.

மற்றபடி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்கு இரண்டு வாரம். ஒரே நாளில் சாக்ஸையும் நாற்காலியையும் ஊஞ்சலையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, பலிக்காததையும் விட முடியாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் பழைய நோட்டை எடுத்து, வெடிப்புகளின் எண்ணிக்கையைவிட அடங்க ஆன நேரத்தை முதலில் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அதுதான் முதலில் குறையும். இரண்டும் குறையவில்லையென்றால், நோட்டோடு தெரபிஸ்டிடம் போய்க் குறிக்கோளையே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.